பிரேக்கை மிதித்தால் லோடு பாடி லைட் அணைகிறது, டெயில் லேம்பும் போகிறது – கோளாறு எங்கே?

காய்வண்டி
முதல் நாள், இரவு 10.15

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது வருஷமான குட்டி யானை (டாடா ஏஸ் சின்ன லோடு வண்டி) வைத்திருக்கிறேன். ஒட்டன்சத்திரத்தில் தக்காளி, முருங்கை ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி, பாலக்காடு வரை ஓட்டம். பழைய பாடி துருப்பிடித்துப் போனதால் இரண்டு வருஷத்துக்கு முன் வெளியில் கொடுத்து மூடிய பாடி கட்டினேன். உள்ளே சரக்கு இறக்க ஒரு எல்.இ.டி. லைட், கதவோரம் அதற்கு ஸ்விட்ச். பாடியின் உச்சியில் மூன்றாவது பிரேக் லைட்டாக ஒரு சிவப்பு எல்.இ.டி. பட்டை உண்டு. அது பிறகு வேறொரு கடையில் போட்டது.

போன வாரம் விடிகாலை மூன்று மணிக்குப் பொள்ளாச்சியில் இறக்கும்போது வண்டி சரிவில் நின்றதால் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து பையன் "அண்ணே, லைட்டு போச்சு" என்று கத்தினான். இறங்கிப் போய்ப் பார்த்தால் எரிகிறது. ஏறி மிதித்தால் மறுபடி போகிறது. நாலைந்து தடவை இதே கதை.

அப்புறம் பையனைப் பின்னால் நிறுத்திவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஹெட்லைட் போட்டால் டெயில் லேம்பு இரண்டும் மங்கலாகத்தான் எரிகின்றன. பிரேக்கில் காலே வைக்காமல் உச்சியில் இருக்கும் பட்டை லேசாக எரிகிறது. பிரேக்கை மிதித்தால் பட்டை பளிச்சென்று வருகிறது, ஆனால் கீழே இரண்டு பக்கமும் இருட்டாகிவிடுகிறது. இண்டிகேட்டர் போட்டால் டெயில் லேம்பும் கூடச் சேர்ந்து துடிக்கிறது.

இதோடு இன்னொன்று. இரண்டு வாரத்தில் பிரேக் லைட் ஃபியூஸ் மூன்று தடவை போனது. கம்பெனி கொடுத்தது 10 ஆம்பியர். வழியில் ஒருவர் சொன்னார் என்று இப்போது 15 போட்டிருக்கிறேன். அதற்கப்புறம் போகவில்லை.

மீட்டர் வைத்தும் பார்த்தேன். பல்பைக் கழற்றி, பையனைப் பிரேக் மிதிக்கச் சொல்லி, ஹோல்டரில் சிவப்பு முனை, சேசிஸில் (வண்டியின் இரும்பு அடிச்சட்டம்) கறுப்பு முனை வைத்தால் 12.3 வோல்ட் காட்டுகிறது. அப்படியென்றால் வயர் நன்றாகத்தானே இருக்கிறது? எட்டு வருஷம் தாண்டிவிட்டதால் வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். அடுத்த மாதம் வண்டியைக் காட்ட வேண்டும். அதைவிட, இருட்டில் பின்னால் வருகிறவனுக்கு நான் நிறுத்துவது தெரியவில்லை என்பதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

ரெண்டாம்கியர்
முதல் நாள், இரவு 10.50

எனக்கும் ஃபியூஸ் இப்படிப் போய்க்கொண்டே இருந்தது. 20 போட்டேன், நின்றுவிட்டது. பழைய வண்டியில் கரண்ட் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். பின்னால் இருக்கும் பல்புகளையும் எல்.இ.டி.யாக மாற்றிவிடுங்கள், லோடு குறையும்.

டெஸ்ட்பல்பு
முதல் நாள், இரவு 11.30

தம்பி, முதலில் அந்த 15 ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றுங்கள். நீல நிறம்தானே? சிவப்பு 10 போட்டுவிட்டு மற்றதைப் பேசுவோம். முப்பத்தைந்து வருஷம் லாரி வயரிங் செய்தவன் சொல்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரேக் ஃபிலமென்ட் 21 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 1.75 ஆம்பியர். இரண்டு பல்புக்கு மூன்றரை. உச்சிப் பட்டை மிஞ்சிப்போனால் அரை ஆம்பியர். மொத்தம் நாலு. நாலு ஆம்பியர் ஓடுகிற லைனில் 10 ஆம்பியர் ஃபியூஸ் சும்மா போகாது. வண்டிக்கு வயதானால் பல்பு அதிகம் இழுக்கும் என்பது சரியில்லை. எங்கோ லைன் வயர் இரும்பைத் தொடுகிறது. பெரிய ஃபியூஸ் போட்டால் தொடுவது நிற்காது. ஃபியூஸ் உருகுவதற்குப் பதில் வயர் உருகும். அந்த வயர்க்கட்டு சேசிஸ் ஓரமாக டீசல் குழாயோடு சேர்ந்து போகிறது, அதை மறக்காதீர்கள். ரெண்டாம்கியர் தம்பியும் தயவுசெய்து அந்த 20-ஐ எடுத்துவிடுங்கள். தானாக நின்றது என்பது தள்ளிப்போனது மட்டும்தான்.

எல்.இ.டி. பல்பு இப்போது வேண்டாம். கோளாறை மறைத்துவிடும்.

காய்வண்டி தம்பிக்கு இரண்டு தனித்தனி கோளாறுகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஃபியூஸ் போவது ஒன்று, லைட்டுகள் ஒன்றையொன்று தின்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தேடினால் கிடைக்காது. ஒரு கேள்வி மட்டும். ஃபியூஸ் போன மூன்று தடவையும் வண்டி என்ன செய்துகொண்டிருந்தது?

காய்வண்டி
இரண்டாம் நாள், காலை 6.05

ஐயா, 10 போட்டுவிட்டேன். மூன்று தடவையும் மண் ரோட்டில்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். தோட்டத்துக்குள் போய் ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்த பிறகுதான் பிரேக் லைட் இல்லை என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள்.

செம்மண்சாலை
இரண்டாம் நாள், காலை 7.20

மண் ரோடு, குலுங்கல் என்றாலே வயர் எங்கோ உரசுகிறது என்றுதான் அர்த்தம். அதோடு இதையும் பாருங்கள் அண்ணே. பின்னால் இருப்பது 21/5 வாட் டபுள் ஃபிலமென்ட் பல்பு. ஒரே பல்புக்குள் பிரேக்குக்கு 21, டெயிலுக்கு 5. பல்பின் அடியில் இரண்டு ஈயப் புள்ளி இருக்கும். அவசரத்துக்கு யாராவது ஒற்றைப் புள்ளி பல்பைத் திணித்திருந்தால், அந்த ஒரு புள்ளி ஹோல்டரின் இரண்டு காண்டாக்டையும் சேர்த்துவிடும். அப்புறம் ஹெட்லைட் போட்டாலே பிரேக் லைனுக்குக் கரண்ட் ஏறும். உங்கள் உச்சிப் பட்டை சும்மா எரிவது அதனாலும் இருக்கலாம். சரியான பல்பில் பக்கவாட்டுக் குமிழ் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது, மாற்றிப் போட வராது. எனக்கு ஒருமுறை ஒரு நாள் முழுக்க இது தண்ணி காட்டியது.

காய்வண்டி
இரண்டாம் நாள், காலை 9.40

கழற்றிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் இரண்டு புள்ளி பல்புதான். குமிழ்களும் ஏற்ற இறக்கமாக இருக்கின்றன. ஹோல்டருக்குள் கொஞ்சம் களிம்பு இருந்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டேன். மாற்றம் எதுவும் இல்லை.

டெஸ்ட்பல்பு
இரண்டாம் நாள், மதியம் 1.10

நல்லது, அந்தச் சந்தேகம் போயிற்று. இப்போது ஷார்ட்டை, அதாவது வயர் இரும்பைத் தொடுகிற இடத்தைத் தேடுவோம். ஃபியூஸ் வாங்கி வாங்கிப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு 21 வாட் பல்பு ஹோல்டரில் இரண்டு வயர் இழுத்து, பிரேக் ஃபியூஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரண்டு முனையையும் செருகுங்கள். பின்னால் இருக்கும் இரண்டு பல்பையும் கழற்றிவிடுங்கள். பையன் பிரேக்கை மிதித்தபடி இருக்கட்டும். உச்சிப் பட்டை மட்டும் லைனில் இருப்பதால் உங்கள் டெஸ்ட் பல்பு மங்கலாகவோ எரியாமலோ இருக்க வேண்டும். வயர் இரும்பைத் தொட்டால் அந்தக் கணமே பளிச்சென்று முழு வெளிச்சம் வரும். எவ்வளவு நேரம் தொட்டாலும் பயமில்லை, பல்பு இரண்டு ஆம்பியருக்கு மேல் விடாது.

அதை வைத்துக்கொண்டு பெடல் ஸ்விட்சிலிருந்து பின்னால் வரை வயர்க்கட்டைக் கையால் ஆட்டிக்கொண்டே போங்கள். நேரம் பிடிக்கும். கேபினுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற இடத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். குலுங்கும்போது இரண்டும் தனித்தனியாக ஆடுகிற இடம் அது.

காய்வண்டி
இரண்டாம் நாள், இரவு 8.30

கிடைத்துவிட்டது ஐயா! நீங்கள் சொன்ன இடம்தான். உச்சிப் பட்டைக்குப் போகிற சிவப்பு வயரைக் கேபின் பின்னால் இருக்கும் கப்ளரிலிருந்து ஒட்டு எடுத்து மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். சேசிஸ் பிராக்கெட்டின் விளிம்பில் அது மடங்கிக் கிடந்தது. கையால் அசைத்ததும் டெஸ்ட் பல்பு முழுசாக எரிந்தது, விட்டால் அணைந்தது. எடுத்துப் பார்த்தால் ஒரு அங்குலத்துக்கு மேலுறை தேய்ந்து செம்பு வெளியே தெரிகிறது. விளிம்பிலும் கறுப்பாகப் பொறி பட்ட தடம். நேர் கீழே டீசல் குழாய். அதைப் பார்த்தபோது கை நடுங்கிவிட்டது.

அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புது வயர் சாலிடர் செய்து, மேலே ரப்பர் குழாய் போட்டு, விளிம்பிலிருந்து தள்ளிக் கட்டியிருக்கிறேன். ஆனால் லோடு பாடி லைட் அணைவதும் டெயில் லேம்பு போவதும் அப்படியேதான் இருக்கிறது.

ரெண்டாம்கியர்
இரண்டாம் நாள், இரவு 9.00

படித்ததும் இறங்கிப் போய் என் வண்டியில் இருந்த 20-ஐக் கழற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானும் டெஸ்ட் பல்பு வைத்துத் தேடப் போகிறேன். நன்றி ஐயா.

டெஸ்ட்பல்பு
இரண்டாம் நாள், இரவு 10.20

நல்ல காரியம்.

காய்வண்டி தம்பி, இனி இரண்டாவது கோளாறு. நீங்கள் முதல் பதிவில் எழுதிய அடையாளங்களைப் படித்தபோதே எர்த் மேல்தான், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பிப் போகிற வழி மேல்தான் எனக்குச் சந்தேகம். பிரேக் மிதித்தால் டெயில் போவது, இண்டிகேட்டரோடு டெயில் துடிப்பது, சம்பந்தமில்லாத லைட் லேசாக எரிவது – இப்படி லைட்டுகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தால் அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது எது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றின் லைன் வயரும் வேறு, ஃபியூஸும் வேறு. பொது என்பது திரும்பிப் போகிற கறுப்பு வயர் மட்டும்தான்.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இது சட்டென்று புரியும். வாய்க்காலில் தண்ணீர் நன்றாக வருகிறது, ஆனால் வடிகால் அடைத்துக்கிடக்கிறது. என்ன ஆகும்? தண்ணீர் தேங்கி, வரப்பு தாழ்ந்த பக்கம் பார்த்து அடுத்த வயலுக்குள் ஏறும். உங்கள் வண்டியிலும் அதே. டெயில் லேம்புக்குப் போன கரண்ட் எர்த் வழியாக இறங்க முடியாமல், அதே பல்பில் இருக்கிற பிரேக் ஃபிலமென்ட் வழியாகப் பின்னோக்கிப் போய், பிரேக் லைனில் ஏறி, உச்சிப் பட்டையைத் தேடிப் போகிறது. அந்தப் பட்டைக்கு எர்த் வேறு இடத்தில் எடுத்திருப்பார்கள், அதனால் அது எரிகிறது. வேண்டுமானால் பாருங்கள்.

நாளைக்கு ஒரே ஒரு அளவு எடுங்கள். பல்பைக் கழற்றாமல், ஹோல்டரிலேயே இருக்கட்டும். மீட்டரின் கறுப்பு முனையை நேராக பேட்டரி மைனஸில் வையுங்கள், சேசிஸில் வேண்டாம். வயர் எட்டாவிட்டால் ஒரு நீள வயர் ஒட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு முனையை ஹோல்டரின் தகட்டில், அதாவது எர்த் பக்கத்தில் வையுங்கள். பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள்.

பாலிடெக்னிக்மாணவி
இரண்டாம் நாள், இரவு 11.05

ஐயா, ஒரு சந்தேகம். அண்ணன் முதலிலேயே ஹோல்டரில் 12.3 வோல்ட் பார்த்தேன் என்றாரே. வோல்ட் இருக்கும்போது பல்பு ஏன் மங்க வேண்டும்?

டெஸ்ட்பல்பு
மூன்றாம் நாள், காலை 5.50

நல்ல கேள்வி அம்மா. பல்பைக் கழற்றிவிட்டு மீட்டரை மட்டும் வைக்கும்போது லைனில் கரண்ட் ஓடுவதே இல்லை. மீட்டர் இழுப்பது ஒன்றுமே இல்லாத மாதிரி. கரண்ட் ஓடாத இடத்தில் எவ்வளவு துருப்பிடித்த ஜாயின்ட் இருந்தாலும் அங்கே வோல்ட் குறையாது. பத்து இழை வயரில் ஒன்பது அறுந்து ஒன்று மீதி இருந்தாலும் மீட்டர் 12.3 என்றுதான் காட்டும். பல்பு எரியும்போது பார்த்தால்தான் உண்மை வெளியே வரும். இன்னொன்று, தம்பி கறுப்பு முனையைச் சேசிஸில் வைத்து அளந்தார். பல்பு உண்மையில் பயன்படுத்தும் எர்த்தை அந்த அளவு தொடவே இல்லை. சுற்றின் பாதியைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

காய்வண்டி
மூன்றாம் நாள், மாலை 5.15

ஐயா, அளவு எடுத்துவிட்டேன். ஹெட்லைட் போடாமல், பிரேக் மட்டும் மிதித்தபோது ஹோல்டர் தகட்டில் 10.3 வோல்ட்! அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம்தானே இருக்க வேண்டும்?

ஒரு ஆர்வத்தில் லைன் பக்கக் காண்டாக்டையும் அளந்தேன். பல்பு போட்டபடி, பேட்டரி மைனஸிலிருந்து 12.0. ஆக, பல்புக்குக் கிடைப்பது 1.7 வோல்ட் மட்டும்.

பாலிடெக்னிக்மாணவி
மூன்றாம் நாள், மாலை 5.40

12.0-இல் 10.3 எர்த் பக்கமே வீணாகிறது! ஐயா, லோடு பாடி லைட் ஏன் அணைந்தது என்றும் இப்போது புரிகிறது. அதன் கறுப்பு வயரும் இதே எர்த்தில் சேர்ந்திருந்தால், அதற்கு ஒரு பக்கம் 12, மறுபக்கம் 10.3. நடுவில் மிச்சம் இருப்பதை வைத்து எல்.இ.டி. எரியாது.

டெஸ்ட்பல்பு
மூன்றாம் நாள், இரவு 7.30

அதேதான் அம்மா, மிகச் சரியாகப் பிடித்தீர்கள். நல்ல எர்த் என்றால் அந்த இடத்தில் 0.1, 0.2-க்கு மேல் வரக்கூடாது.

தம்பி, உறுதிப்படுத்த ஒரு வேலை. பேட்டரி மைனஸிலிருந்து ஒரு தடித்த வயரை நேராகக் கொண்டுவந்து அந்த ஹோல்டர் தகட்டில் தொடுங்கள். எல்லா லைட்டும் ஒழுங்காக வந்தால் கோளாறு எர்த்தில்தான், வேறு எங்கும் தேட வேண்டாம். அப்புறம் அந்தக் கறுப்பு வயர் எங்கே போய் முடிகிறது என்று பின்தொடர்ந்து போங்கள். பாடி மாற்றிய வண்டி என்பதால் எனக்கு ஒரு யூகம் இருக்கிறது. நீங்கள் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வடமராட்சிபட்டா
மூன்றாம் நாள், இரவு 9.10

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் பட்டா வாகனங்களிலும் (உங்கட குட்டி யானைதான்) இதே கரைச்சல்தான். கடற்கரை ஓரம் மீன் ஏற்றிற வாகனங்களுக்கு இன்னும் மோசம். அண்ணை, லக்கு (வயர் நுனியில அழுத்திற உலோக வளையம்) வெளியில வடிவாகத் தெரிந்தாலும் நம்பாதையுங்கோ. வயரின் உறையைக் கொஞ்சம் சீவிப் பாருங்கோ. உப்புத் தண்ணி உறைக்குள்ளே ஏறி, செம்பு பச்சை பிடித்துப் பொடியாகிக் கிடக்கும். அப்படி என்றால் கறுத்த பகுதி முடியுமட்டும் வெட்டிவிட்டுப் புது லக்கு போட வேணும். சுரண்டி, இறுக்கி முடித்த பிறகுதான் கிரீஸ் பூச வேணும்.

காய்வண்டி
நான்காம் நாள், இரவு 9.45

இன்று ஓட்டத்துக்குப் போகவில்லை. இதை முடிக்காமல் வண்டியை எடுக்க மனம் வரவில்லை.

பேட்டரியிலிருந்து வயர் இழுத்துத் தகட்டில் தொட்டதும் எல்லாம் வந்துவிட்டது. டெயில், பிரேக், லோடு பாடி லைட், இண்டிகேட்டர் எல்லாமே. பையன் கைதட்டினான்.

கறுப்பு வயரைப் பின்தொடர்ந்தால், இரண்டு டெயில் லேம்பு, இண்டிகேட்டர், உள்ளே இருக்கும் லைட் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து ஒரு லக்கில் முடிகின்றன. அந்த லக்கைப் பாடியின் ஆங்கிளில் ஒரு போல்ட்டில் இறுக்கியிருக்கிறார்கள். பெயின்ட் மேலேயே! அந்தப் பாடியோ சேசிஸ் மேல் மரக்கட்டையும் ரப்பரும் வைத்து உட்கார்ந்திருக்கிறது. பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே இருக்கும் ஒரே தொடர்பு நாலு யூ-போல்ட், அவையும் துரு. கம்பெனி வண்டியில் சேசிஸில் எர்த் எடுத்த ஓட்டை வெறுமனே கிடக்கிறது. பாடி மாற்றும்போது அங்கிருந்து கழற்றியவர்கள் திரும்ப அங்கே போடவே இல்லை. இரண்டு வருஷம் துரு ஏற ஏற மெல்ல மெல்ல மங்கியிருக்கிறது. மெல்ல மங்கியதால்தான் எனக்குத் தெரியவில்லை.

வடமராட்சி அண்ணன் சொன்னபடி உறையைச் சீவினேன். இரண்டு அங்குலம் பச்சை. வெட்டிவிட்டேன். இரண்டரை சதுர மில்லிமீட்டர் வயரில் புது லக்கு அழுத்தி, சேசிஸில் அந்தப் பழைய ஓட்டையைச் சுற்றிப் பளபளவென்று தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கினேன். பிறகு கிரீஸ். பாடிக்கும் சேசிஸுக்கும் தனியாக இன்னொரு எர்த் வயரும் போட்டுவிட்டேன்.

இப்போது பிரேக் மிதித்தால் ஹோல்டர் தகட்டில் 0.07 வோல்ட். ஹெட்லைட், பிரேக், இண்டிகேட்டர், உள்லைட் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் 0.12.

நீங்கள் சொன்ன மாதிரியே உச்சிப் பட்டையின் கறுப்பு வயர் மட்டும் முன்னால் கேபின் பக்கம் சேசிஸில் தனியாகப் போகிறது ஐயா.

டெஸ்ட்பல்பு
நான்காம் நாள், இரவு 10.30

என் யூகமும் அதுதான் தம்பி. பாடி கட்டுகிறவர்கள் இரும்பு வேலையில் கெட்டிக்காரர்கள், வயரை மட்டும் கிடைத்த இடத்தில் முடுக்கிவிடுவார்கள். புதிதாகப் பாடி கட்டி வண்டி எடுக்கிறவர்கள் கடையிலேயே இந்த ஒரு அளவை எடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டு நிமிஷ வேலை.

மழை முடிந்ததும் இன்னொரு தடவை அளந்து எழுதுங்கள். ஜாயின்ட் நன்றாக அமைந்ததா என்பது அப்போதுதான் தெரியும்.

ரெண்டாம்கியர்
எட்டாம் நாள், மாலை 6.20

என் வண்டியிலும் ஷார்ட் கிடைத்தது. நம்பர் பிளேட் லைட்டுக்குப் போகும் வயர், கதவுக் கீலில் நசுங்கியிருந்தது. சிவப்பு 10 போட்டு நாலு நாளாக ஓடுகிறேன், நிற்கிறது.

காய்வண்டி
மூன்று மாதம் கழித்து

எஃப்.சி. முடிந்தது, லைட் பக்கம் ஒரு கேள்வியும் வரவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க நனைந்து ஓடிய பிறகு இன்று அளந்தேன். பிரேக் மட்டும் மிதித்தால் 0.09. ஃபியூஸ் அதே சிவப்பு 10. நேற்றுப் பொள்ளாச்சியில் அதே சரிவில் பிரேக்கை மிதித்தபடி முழு லோடும் இறக்கினோம், உள்ளே லைட் அசையவில்லை.

டெஸ்ட்பல்பு
மூன்று மாதம் கழித்து

0.07-லிருந்து 0.09 ஒன்றுமே இல்லை, நல்ல ஜாயின்ட். அடுத்த எஃப்.சி.க்கு முன்னால் ஒருமுறை அளந்தால் போதும். அப்போது அந்த ரப்பர் குழாய் விளிம்பிலிருந்து தள்ளியே இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.